அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வு: தில்லியை மறந்துவிட்டுப் படியுங்கள்

குடியுரிமை விண்ணப்பமான என்-400 ஃபார்மைத் திறப்பதற்கு முன் நாள்காட்டியைத் திறக்க வேண்டும். கிரீன் கார்டில் 'ரெசிடென்ட் சின்ஸ்' என்று போட்டிருக்கும் தேதியிலிருந்து 5 ஆண்டு கணக்கு. அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு 3 ஆண்டு. அந்த நாளுக்கு 90 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். ஆனால் 91 நாள் முன்பே போட்டால் நிராகரித்துவிடுவார்கள், கட்டிய பணமும் திரும்பாது. அதனால் கணக்கிட்டு வரும் தேதியிலிருந்து நாலைந்து நாள் தள்ளிப் போடுவது நல்லது. 2024 ஏப்ரல் முதல் கட்டணம் இணையத்தில் 710 டாலர், காகிதத்தில் 760 டாலர்.

நம்மவர்களை அதிகம் தடுக்கிவிடுவது ஊர்ப் பயணம்தான். கடந்த 5 ஆண்டில் குறைந்தது 30 மாதம் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். இது ஒரு கணக்கு. இன்னொன்று, ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சியான வசிப்பு அறுந்துவிட்டதாக முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. வாடகை ஒப்பந்தம், வரித் தாக்கல், வேலைக் கடிதம் எல்லாம் அதற்குத்தான் வேண்டும். ஒரு வருடத்தைத் தாண்டினால் பேச்சுக்கே இடமில்லை, கணக்கு புதிதாகத் தொடங்கும். கிரீன் கார்டில் இருக்கும் பெற்றோர் பேரன் பேத்தியைப் பார்க்க இங்கே 4 மாதம், திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ 8 மாதம் என்று இருந்தால் இந்த இரண்டு கணக்கிலும் தோற்பார்கள்.

பெற்றோருக்கான மொழிச் சலுகையையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 50 வயதும் கிரீன் கார்டில் 20 ஆண்டும், அல்லது 55 வயதும் 15 ஆண்டும் ஆனவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது. மொழிபெயர்ப்பாளர் துணையுடன் குடிமையியல் (அமெரிக்க அரசு, வரலாறு) கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லலாம். 65 வயதும் 20 ஆண்டும் ஆனவர்களுக்குப் படிக்க வேண்டிய கேள்விகளே 20தான். அறுபது வயதில் கிரீன் கார்டு வாங்கி வந்த அம்மாவுக்கு 65 ஆனதும் இந்தச் சலுகை கிடைத்துவிடும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். வயதோடு ஆண்டுக் கணக்கும் சேர்ந்து நிறைய வேண்டும். அது நிறையாவிட்டால் தேர்வை ஆங்கிலத்தில்தான் எதிர்கொள்ள வேண்டும்.

ஃபார்மில் 'ஹேவ் யூ எவர்' என்று தொடங்கும் கேள்விகளுக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். 'எப்போதாவது' என்றால் பிறந்ததிலிருந்து என்று பொருள். அங்கே வரும் 'சைட்டட்' என்ற சொல்லில் வேகத்துக்கு வாங்கிய டிக்கெட்டும் அடங்கும். டிக்கெட்டுக்காகக் குடியுரிமை போகாது, மறைத்ததாகத் தோன்றினால்தான் சிக்கல். ஓட்டுரிமை பற்றிய கேள்வி இன்னும் கனமானது, குடிமக்கள் ஆகாதவர்கள் வாக்காளராகப் பதிவாகியிருந்தால் சிக்கல். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்யும் வசதி 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. கவுன்டரில் நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கிரீன் கார்டுக்காரர்கள் வாக்காளர் பட்டியலில் ஏறியதுண்டு. உங்கள் பெயர் ஏறியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் ஃபார்ம் போடுவதற்கு முன்பே குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். 18 முதல் 26 வயதுக்குள் கிரீன் கார்டோடு இங்கே இருந்த ஆண் பிள்ளைகள் 'செலக்டிவ் சர்வீஸ்' பதிவை (தேவைப்பட்டால் ராணுவத்துக்கு அழைப்பதற்கான பட்டியல்) முடித்திருக்க வேண்டும். மகனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போவது சகஜம்.

இன்டர்வியூவில் இதே கேள்விகளை ஆபீசர் வாயால் கேட்பார். இங்கே தமிழ் நம் காலை வாரும். "நீங்கள் கைது செய்யப்பட்டதே இல்லையே?" என்று தமிழில் கேட்டால் "ஆமாம்" என்போம். இல்லை என்பதை ஆமோதிக்கிறோம். அதையே ஆங்கிலத்தில் கேட்கும்போது "யெஸ்" என்றால், கைதானேன் என்று எழுதிக்கொள்ள இடமுண்டு. "நோ, ஐ ஹேவ் நெவர் பீன் அரெஸ்டட்" என்று முழு வாக்கியமாகச் சொல்லிப் பழகுங்கள். தலையாட்டலும் வேண்டாம், நம் தலையாட்டலில் இல்லையும் ஆமாமும் அவர்களுக்கு ஒன்றுபோலத் தெரியும். கேள்வி புரியவில்லையென்றால் திரும்பக் கேட்கலாம், அது தோல்வி ஆகாது.

இனி தேர்வு. 2025 அக்டோபர் 20 அல்லது அதற்குப் பின் விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்விகளின் பட்டியல். அதிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். 12 வந்ததும் நிறுத்திவிடுவார்கள், 9 தவறானாலும் நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய முறை: 100 கேள்வி, 10 கேட்பார்கள், 6 போதும். இணையத்தில் பழைய பட்டியல்தான் இன்னும் அதிகம் சுற்றுகிறது. உங்கள் விண்ணப்பத் தேதியைப் பார்த்துப் பட்டியலை எடுங்கள்.

128ஐயும் உருப்போட்டவர்கள் தடுமாறும் இடத்தை நாங்கள் படித்தபோதும் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தபோதும் கவனித்திருக்கிறோம். மனசுக்குள் ஓடுவது தில்லி நாடாளுமன்றம், படிப்பது வாஷிங்டன். முதலில் 'காங்கிரஸ்' என்ற சொல். நமக்கு அது கட்சி. இங்கே செனட்டும் பிரதிநிதிகள் சபையும் சேர்ந்த சட்டமன்றத்துக்குப் பெயர் காங்கிரஸ். அதிபர் அதன் உறுப்பினர் அல்ல. அவருடைய அமைச்சரவையில் இருப்பவர்களும் உறுப்பினராக இருக்க முடியாது. எம்.பி.யாக இருந்தால்தான் மந்திரியாக நீடிக்க முடியும் என்ற நம் கணக்குக்கு நேர் எதிர். சபையில் பெரும்பான்மை போனாலும் அதிபர் போக மாட்டார், நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஒன்றே கிடையாது. செலவுக்கான மசோதா நிறைவேறாவிட்டால் இந்தியாவில் ஆட்சி கவிழும். இங்கே அலுவலகங்கள் மூடும், ஆட்சி அப்படியே இருக்கும். அதிபரை நீக்கும் வழி வேறு: பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

இதைப் பிடித்துக்கொண்டால் ஒரு கொத்துக் கேள்விகளுக்கு விடை தானாக வரும். சட்டம் இயற்றுவது யார்? காங்கிரஸ். மறுப்பது யார்? அதிபர், வீட்டோ. அந்த மறுப்பைத் தாண்டுவது எப்படி? இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு. சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்று சொல்வது யார்? உச்ச நீதிமன்றம். அரசின் ஒரு கிளை ஓங்கிவிடாமல் தடுப்பது எது என்ற கேள்விக்கு 'செக்ஸ் அண்ட் பேலன்சஸ்' என்பதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது.

செனட்டை மாநிலங்களவையோடு ஒப்பிட்டால் தவறு வரும். மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடம், சிக்கிமுக்கு 1. செனட்டில் கலிஃபோர்னியாவுக்கும் 2, வயோமிங்குக்கும் 2. மக்கள் தொகைக்கு ஏற்ற இடம் 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபையில்: கலிஃபோர்னியாவுக்கு 52, வயோமிங்குக்கு 1. சிறிய மாநிலங்கள் பயந்ததால் 1787இல் பிலடெல்ஃபியாவில் செய்துகொண்ட சமரசம் இது. 'ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஏன் இரண்டு செனட்டர்' என்ற கேள்வி புதிய பட்டியலில் இருக்கிறது. இரண்டு அவையின் இடங்களையும் கூட்டி, தலைநகர் வாஷிங்டன் டி.சி.க்கு 3 சேர்த்தால் 538. அதுதான் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டோரல் காலேஜ். வெல்ல 270 வேண்டும்.

ஆளுநர் இன்னொரு கண்ணி. இந்தியாவில் ஆளுநர் நியமனம். இங்கே கவர்னரை மாநில மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், வேலையில் அவர் நம் முதலமைச்சருக்கு நெருக்கம். பிரதிநிதிகள் சபையின் சபாநாயகரும் நடுநிலைக்காரர் அல்ல, அந்தச் சபையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். அதிபரும் துணை அதிபரும் பணியாற்ற முடியாமல் போனால் அடுத்து அவர்தான். சொல்லப்படாத அதிகாரம் யாருக்கு என்பதிலும் திசை மாறும். இந்தியாவில் எஞ்சிய அதிகாரம் மத்தியில். இங்கே 10ஆவது திருத்தம் அதை மாநிலங்களுக்கும் மக்களுக்கும் விடுகிறது. ஓட்டுநர் உரிமமும் பள்ளிக்கூடமும் மாநிலத்தின் கையில் இருப்பது அதனால்தான்.

மாறும் விடைகளை முந்தின நாள் இரவு சரிபாருங்கள்: அதிபர், துணை அதிபர், சபாநாயகர், உங்கள் மாநில கவர்னர், ஒரு செனட்டர், உங்கள் தொகுதிப் பிரதிநிதி. ஒரு விடை கேட்டால் ஒன்றோடு நிறுத்துங்கள். ஆங்கிலத்தில் 3 வாக்கியத்தில் ஒன்றை வாசிக்க வேண்டும், 3இல் ஒன்றை எழுத வேண்டும். சிறு எழுத்துப்பிழைக்குப் பரவாயில்லை, சொல்லைச் சுருக்கி எழுதக் கூடாது. தவறினால் 60 முதல் 90 நாளுக்குள், தவறிய பகுதிக்கு மட்டும் மறுவாய்ப்பு.

குடியுரிமை உறுதிமொழி எடுக்கும் நாளில் கிரீன் கார்டை வாங்கிக்கொள்வார்கள். அன்று தரும் குடியுரிமைச் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று அங்கேயே பாருங்கள், லேமினேட் செய்யாதீர்கள். அந்த நொடியோடு இந்தியக் குடியுரிமை முடிகிறது, பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்யக் கூடாது. அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு அசல் சான்றிதழை அனுப்ப வேண்டும். அமெரிக்க பாஸ்போர்ட் வந்த பிறகே இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்து ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) போட முடியும். இந்த இடைவெளிக்குள் ஊரில் கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தால் பெரும் திண்டாட்டம்.

சான்றிதழ் கையில் வந்த அன்றே வாக்காளராகப் பதிவு செய்யலாம். பதிவுக்குக் கடைசி நாள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் ஓட்டுப் போட, சில மாநிலங்களில் கட்சிச் சார்பையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். முதல் வாக்குச்சீட்டில் அதிபர் தேர்தல் இருந்தாலும் அது ஒரு வரியாகவே இருக்கும். கீழே செனட்டர், பிரதிநிதி, மாநிலப் பதவிகள், கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) ஷெரிஃப், பள்ளி வாரியம், சில மாநிலங்களில் நீதிபதிகள் என்று நீளும். மாதிரி வாக்குச்சீட்டைப் பல கவுன்டிகள் முன்பே வெளியிடுகின்றன. அதை அச்செடுத்து வீட்டிலேயே குறித்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.