கார்டிசோனுக்குப் பக்கத்தில் எழுந்த பீக்

மருத்துவமனை ஆய்வகத்தில் என் பொறுப்பு, 24 மணி நேரச் சிறுநீரில் கார்டிசோலை, அதாவது அட்ரீனல் சுரப்பி சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனை, அளப்பது. கார்டிசோல் அளவுக்கு மீறிப் போகும் குஷிங் நோய்க்குறி என்று சந்தேகம் வந்தால் டாக்டர்கள் இந்தப் பரிசோதனையை எழுதுவார்கள். கருவியைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை கேனில் முடிந்துவிடுகிறது. காலையின் முதல் சிறுநீரைத் தவிர்த்துவிட்டு, மறுநாள் காலையின் முதல் சிறுநீர் வரை எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனாலும் கணக்கு உதைக்கும். அதனால், நாளுக்கு நாள் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவான கிரியாட்டினினையும் பார்த்துவிடுவேன்.

ஸ்டீராய்டுகள் எல்லாவற்றுக்கும் நான்கு வளையங்கள் கொண்ட ஒரே சட்டகம். ஆன்டிபாடியை நம்பும் பழைய முறை, சாயலில் ஒத்தவற்றையும் கார்டிசோல் என்றே எண்ணிவிடும். எங்கள் முறையில், டியூட்டீரியம் என்னும் கனமான ஹைட்ரஜன் ஏற்றிய கார்டிசோலைத் தெரிந்த அளவில் முதலிலேயே கலந்துவிடுவோம். வழியில் எவ்வளவு இழப்பு வந்தாலும் இரண்டுக்கும் ஒரே விகிதத்தில்தான் வரும். பிறகு ஸ்டீராய்டுகளைப் பிடித்துவைக்கும் சி18 கார்ட்ரிட்ஜில் ஊற்றி, உப்பையும் யூரியாவையும் தண்ணீரால் கழுவி, ஸ்டீராய்டுகளை மெத்தனாலில் இறக்கி, நைட்ரஜன் ஊதி உலர்த்துவோம்.

கடைசியில் எடை பார்த்து அடையாளம் சொல்வது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஆனால் உடம்பில் உண்டாகும் கார்டிசோனுக்கும் மாத்திரையில் வரும் பிரெட்னிசோலோனுக்கும் மூலக்கூறு எடை ஒன்றேதான், 360. இரண்டையும் முன்பின்னாக வெளியே அனுப்ப வேண்டியது குரோமட்டோகிராபிக் குழல். ஒரு மாதிரிக்கு ஆகும் நேரத்தைக் குறைக்கச் சொல்லும்போதெல்லாம் நான் மறுப்பது இதனால்தான்.

ஒரு முறை, முகம் உப்பிப்போன ஒரு அம்மாளின் சிறுநீர் வந்தது. வெளியில் பழைய முறையில் பார்த்த ரிப்போர்ட்டில் கார்டிசோல் மிக அதிகம். எங்கள் திரையிலோ கார்டிசோல் இருந்த சுவடே தெரியவில்லை. கார்டிசோன் வரும் நேரத்துக்குச் சற்றுத் தள்ளி, வரைகோட்டில் உயரமாக ஒரு முகடு, ஒரு பீக். பிரெட்னிசோலோனைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன். நேரம் பிசகாமல் பொருந்தியது. வார்டுக்குப் போன் செய்தேன்.

"ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடுகிறாரா, டாக்டர்?"

"இல்லை என்கிறார். மூட்டுவலிக்கு ஏதோ பொடி மட்டும்தானாம்."

பொடியை வரவழைத்து, மெத்தனாலில் கரைத்து ஓட்டினோம். அதே பீக். பச்சிலைப் பொடி என்று நம்ப வைத்து இப்படிக் கலந்து விற்பவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

பொடியை அன்றே தூக்கி எறிந்துவிடுகிறேன் என்று அவருடைய மகன் கொதித்தார். டாக்டர் தடுத்தார். வெளியிலிருந்து தொடர்ந்து ஸ்டீராய்டு கிடைத்ததால் அட்ரீனல் சுரப்பி ஓய்ந்திருந்தது. சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. அளவு தெரிந்த மாத்திரைக்கு மாற்றி, படிப்படியாகக் குறைத்தார்கள்.