யார் வீட்டுத் தூக்குவாளி?

இன்னைக்கு லீவு. பரணைக் காலி பண்ணியே தீர்றதுன்னு ஏறிட்டேன்.

கீழே அம்மா ஸ்டூலைப் பிடிச்சிருந்தாங்க. பிடிச்சது ஸ்டூலை இல்ல, என்னைன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

2011-க்கு அப்புறம் அரசாங்கம் கொடுத்த விலையில்லா மிக்சியோட அட்டைப்பெட்டி. மிக்சி எப்பவோ போயிடுச்சு, தெர்மோகோல் அப்படியே இருக்கு.

தாம்பூலப் பை 41. ஆமா, எண்ணினேன்.

மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி. ஒண்ணுகூட ஒண்ணோட சேராது.

மூலையில ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. அடியில புள்ளி புள்ளியா வெட்டின பேரு, பக்கத்துல '1984'.

"யாரும்மா இது?"

"தெரியல. ஏதோ விசேஷத்துல மாறி வந்திருக்கும்."

"அப்ப பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுடலாமா?"

"அவங்க வந்து கேட்டா?"

40 வருஷம் ஆச்சு. வாளியைத் தேடி ஒருத்தர் வருவாங்கன்னு அம்மா இன்னும் நம்புறாங்க. நம்ம வீட்டுல பாதிச் சாமான் நமக்காக இல்ல போல. யாராவது வந்து கேட்டுடுவாங்களோன்னுதான் இருக்கு.

அட்டைப்பெட்டி மட்டும் போச்சு. அதுவும் தெர்மோகோலை உருவிக்கிட்டுதான் கொடுத்தாங்க, கொலு வைக்க ஆகுமாம்.

வாளியைத் துடைச்சு, நானே மறுபடி ஏத்தி வச்சேன். பேர் இருக்கிற பக்கம் தெரியுற மாதிரி.