மலைமேல் ஓர் அவரைப் பந்தல்

செப்டம்பர் 14, 2024, சனி

நாளை மான்டிசெல்லோ போகிறோம். ரிச்மண்டில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் தானே வரைபடம் போட்டுக் கட்டிய வீடு. 1923-இல் ஓர் அறக்கட்டளை அதை வாங்கி, அருங்காட்சியகமாகப் பராமரித்துவருகிறது. எனக்கோ தோட்டத்தின்மேல்தான் கண். எந்த நாளில் எதை விதைத்தது, எப்போது பூத்தது, எப்போது சாப்பாட்டு மேசைக்கு வந்தது என்று 1766-இலிருந்து அவர் குறித்துவைத்த ஏடு இருக்கிறது. அச்சுப் பிரதியை நூலகத்திலிருந்து மகள் எடுத்து வந்திருக்கிறாள். படுக்கும்வரை புரட்டிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

டிக்கெட் வாங்கிக்கொண்டு, அவர்களுடைய பஸ்ஸிலேயே மலையேறினோம். வீட்டுக்குள் நான் நெடுநேரம் நின்றது முன்கூடத்துக் கடிகாரத்தின் முன்னால். பீரங்கிக் குண்டு போன்ற எடைகள் கயிற்றில் இறங்க இறங்க, சுவரில் எழுதிய கிழமைகளைக் காட்டுகின்றன. அறையின் உயரம் போதாததால் தரையில் துளையிட்டுவிட்டார்கள். சனிக்கிழமை நிலவறையில் இருக்கிறது!

பிறகு காய்கறித் தோட்டம். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி, கீழ்ப்பக்கம் கற்சுவர் எழுப்பித் தாங்கிய 1,000 அடி நீளத் திடல். ஜெஃபர்சன் இங்கே 330 காய்கறி ரகங்களைப் பயிரிட்டுப் பார்த்தாராம். பட்டாணி என்றால் அவருக்கு உயிர்.

பாத்திகளைத் தாண்டி நடந்த மகள் சட்டென்று நின்றாள். "அம்மா, இது நம் அவரைதானே?"

அவரையேதான். நீளப் பந்தல் முழுக்க ஊதாப் பூக்கொத்துகள். மூன்று மூன்று இலையாக அதே கொடி. அரக்கு பூசியதுபோல் மினுங்கும் ஊதாக் காய்கள். ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். விளிம்பில் விரலுக்குத் தெரிந்தும் தெரியாத அதே சொரசொரப்பு. இங்கே இதை அழகுக்காகக் கொடியேற்றியிருக்கிறார்கள். தள்ளி ஒரு பாத்தியில் வெண்டை. எள்ளையும் ஜெஃபர்சன் விளைவித்து எண்ணெய் ஆட்டிப் பார்த்திருக்கிறார். வெண்டையும் எள்ளும் இந்த மண்ணுக்கு வந்தது, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட மக்களோடு.

தோட்டத்துக்கு நேர் மேலே மல்பெரி சாலை. அந்த மக்கள் வாழ்ந்து வேலை செய்த குடில்களும் பட்டறைகளும் அங்கேதான் இருந்தன. 1794-இல் தொடங்கிய ஆணிப்பட்டறையில் சுத்தியல் பிடித்தவர்கள் 10 வயது முதல் 16 வயது வரையான பையன்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776-இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர், தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தார். அந்த 1,000 அடித் திடலை வெட்டிய கைகளும் அடிமைகளுடையவையே. திரும்பிப் பார்த்தபோது அந்தக் கற்சுவர் எனக்கு வேறாகத் தெரிந்தது.

இறங்கும் வழியில் அடிமைகளின் இடுகாடு. மரங்களுக்கு நடுவே, பெயர் இல்லாத சில கற்கள். ஒரு கிலோமீட்டர்கூட இராது, ஜெஃபர்சன் கல்லறை தூண் எழுப்பி, கம்பிவேலி போட்டு இருக்கிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

குறிப்பேட்டை மறுபடி எடுத்தேன். சனிக்கிழமை என் கண்ணில் படாதது இன்று பட்டது. பல பதிவுகளில் விதை இருக்கிறது, தேதி இருக்கிறது, விதைத்தவர் இல்லை.

ஜெஃபர்சனின் பேத்தி ஆன் கேரி ராண்டால்ஃப் 1805 முதல் 1808 வரை எழுதிய வீட்டுக்கணக்கில் பெயர்கள் இருக்கின்றன. அடிமைகள் தங்கள் குடிலருகே ஓய்வு நேரத்தில் விளைவித்த காய்கறிகளையும் கோழி, முட்டைகளையும் பெரிய வீட்டுக்கே விற்றிருக்கிறார்கள். 330 ரகம் பயிரான வீடு, காய்க்கு அவர்களிடம் போயிருக்கிறது! தோட்டக்கலையில் யார் கை தேர்ந்த கை என்பதற்கு எனக்கு இந்தக் கணக்கே போதும்.

அந்தத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் வார்ம்லி ஹியூஸ். 1826 ஜூலை 4-இல் இறந்த ஜெஃபர்சனுக்குக் குழி தோண்டியவரும் அவரே. அடிமையாக இருந்த அவரைப் போகவிட்டார்கள். ஆனால் அடுத்த ஜனவரி ஏலத்தில் மனைவி அர்சுலாவையும் பிள்ளைகளையும் விற்றுவிட்டார்கள். இதைப் படித்த பிறகு மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

அங்கே வாங்கிய அவரை விதைப் பொட்டலத்தைப் பிரித்தேன். கறுப்பு விதை, ஓரத்தில் வெள்ளைக்கோடு. ஊரில் ஆடியில் ஊன்றினால் தைக்குக் காய்க்கும். இங்கே குளிர் முந்திக்கொள்ளும். உறைபனி விட்ட பிறகு, சித்திரை கடைசியில்தான் ஊன்ற வேண்டும். பின்வேலி ஓரம் வெயில் எத்தனை மணி வரை விழுகிறது என்று நாளை முதல் பார்க்கப் போகிறேன்.