தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயம்

இன்று காலை தரங்கம்பாடி ராஜ வீதியில் உள்ள புதிய எருசலேம் ஆலயத்தின் முன் நெடுநேரம் நின்றிருந்தேன். 1706இல் இங்கு வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு முன்னின்று எழுப்பிய இவ்வாலயம் 1718 அக்டோபரில் அர்ப்பணிக்கப்பட்டது. மறு ஆண்டே மறைந்த அவருடைய உடல் இதற்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டது.

முகப்பை அண்ணாந்து பார்த்தால், வெண்சுண்ணப் பூச்சில் புடைப்பாகத் தெரியும் அரச முடியும், அன்று இவ்வூரைத் தன் வசம் வைத்திருந்த டென்மார்க்கின் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் பெயரெழுத்துச் சின்னமும், அதனோடு கட்டி முடித்த ஆண்டும் கண்ணில் படுகின்றன. புயலும் ஆழிப்பேரலையும் கண்ட ஊரில், உப்புக் காற்று ஓயாமல் அரித்தும், அந்த முடியின் வளைவுகள் இன்றும் தெளிவாக இருப்பது என்னை நெகிழச் செய்தது. கொத்தனாரின் பெயர் எங்கும் இல்லையே என்ற ஏக்கமும் எழுந்தது.

சிலுவை வடிவில் அமைந்த தரைத்திட்டத்தை உள்ளே நடந்து பார்த்தால்தான் முழுமையாக உணர முடியும். வண்ணக் கண்ணாடிகளின் பகட்டோ சிற்பங்களின் நெரிசலோ இங்கில்லை. தடித்த சுவர்களும், சன்னல் வழியே சாய்ந்து விழும் வெளிச்சமும், பலிபீடத்தின் முன்னுள்ள கல்லறையுமே இதன் அழகு. தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, இதே ஊரில் அச்சேற்றியவர் அங்கே உறங்குகிறார்.