ரிசல்ட் வருது, ரேஸ் எப்படி நடந்துச்சுன்னு யாரு எழுதுறா?

எங்க அப்பா பேப்பர் எடுத்தா நேரா விளையாட்டுப் பக்கம்தான், கிரிக்கெட்டுக்காக இல்ல, அதுக்குக் கீழ மூலையில பொடி எழுத்துல குதிரை ரேஸ் போடுவாங்கல்ல அதுக்கு. நாளைக்கு கிண்டில ரேஸ்னா இன்னிக்கு ராத்திரியே பென்சில் சீவி வச்சிடுவாரு. அம்மா மளிகைக் கணக்கு எழுதுற பென்சில் அது, வாராவாரம் சண்டை.

அதுல அவருக்கு ரொம்பப் பிடிச்சது டிராக் ஒர்க் குறிப்பு. காலைல குதிரை ஓடிப்பாத்ததை ஒருத்தர் ஸ்டாப்வாட்ச்சோட நின்னு எழுதினது, 800 மீட்டர் 55 செகண்ட், 600 மீட்டர் 41, பக்கத்துல ரெண்டே வார்த்தை, 'மூவ்டு வெல்' (நல்லா ஓடுச்சு), 'ப்ளீஸ்டு' (திருப்தி), 'ஈஸ்டு அப்' (வேகத்தக் குறைச்சாங்க) இப்படி. அந்த ரெண்டு வார்த்தைய ஜாதகம் மாதிரி படிப்பாரு. "ப்ளீஸ்டுன்னு போட்டா ஊருக்கே தெரிஞ்சிடும்டா, ரேட்டு விழுந்துடும். இத பாரு, ஈஸ்டு அப், அப்பவும் 41. கையில புடிச்சுட்டே வந்திருக்கான், இதான் குதிரை." பாதி நேரம் அந்தக் குதிரை வராது, அது வேற கதை.

இப்ப அப்பாவுக்கு கண்ணு சரியில்ல, போன்ல பெருசு பண்ணிப் படிக்கலாமேன்னு நான் தேட ஆரம்பிச்சேன். ரேஸ் கார்டு கிடைக்குது, ரிசல்ட் கிடைக்குது, வீடியோவும் கிடைக்குது. முதல் நாலு குதிரை, எத்தனை லெங்த், டைம், வின்னுக்கு எவ்வளவு, பிளேஸுக்கு எவ்வளவு, தனாலாவுக்கு (முதல் மூணு குதிரைய வரிசையா சொல்ற பெட்) எவ்வளவு, ஓனர், டிரெய்னர், அவ்ளோதான். ஃபேவரிட் ஏன் ஏழாவதா வந்துச்சு? ஸ்டார்ட்ல தாமதமா கிளம்புச்சா, ஓரத்துக் கம்பி வேலிகிட்ட மாட்டிக்கிச்சா, ஜாக்கி சும்மா உக்காந்திருந்தாரா? ஒரு வரி இருக்காது.

அந்த இடத்த ஃபுல்லா டிப்ஸ்காரங்க புடிச்சிட்டாங்க. தமிழ்ல தேடினா வர்றது எல்லாம் 'இன்னிக்கு ஷ்யூர் ஷாட்', 'ஜாக்பாட் கன்ஃபார்ம்' தான். ஒரு டெலிகிராம் குரூப்புக்கு 500 ரூபா கட்டி நானும் சேந்து பாத்தேன் (அப்பாகிட்ட சொல்லல). மூணாவது ரேஸுக்கு எனக்கு ஒரு குதிரை, அதே ஆள் நடத்துற இன்னொரு குரூப்ல இருந்த என் ஃப்ரெண்டுக்கு அதே ரேஸுக்கு வேற குதிரை. எது வந்தாலும் ஒரு குரூப்புல அவர் ஹீரோ. நல்ல பிசினஸ்.

1996ல சுப்ரீம் கோர்ட் குதிரைப் பந்தயம் திறமை சம்பந்தப்பட்டது, வெறும் சூதாட்டம் இல்லன்னு தீர்ப்பு சொல்லுச்சு, வழக்கே நம்ம தமிழ்நாட்டு வழக்குதான். குதிரையோட வம்சம், பயிற்சி, ஓடின வரலாறு, ஜாக்கி இதெல்லாம் பாத்து கணிக்கிறதுதான் அந்தத் திறமை. சரி, அதெல்லாம் சாமானியனுக்கு எங்க கிடைக்கும்? கிடைக்கலன்னா கண்ண மூடிட்டு நம்பர் சொல்ற லாட்டரிக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்.

ஹாங்காங்ல பாருங்க. ஜாக்கி கிளப் சைட்லயே எல்லாம் ஓசி. குதிரைக்கு எப்ப மூக்குல ரத்தம் வந்துச்சு, எந்தக் கால் நொண்டுச்சு, எல்லா டாக்டர் ரெக்கார்டும் இருக்கு. ரேஸ் அன்னிக்கு குதிரை எத்தனை பவுண்டு எடை, கண்ணுக்கு பிளிங்கர்ஸ் (பக்கத்துல பாக்க விடாத மறைப்பு) மாட்டினாங்களா, 400 மீட்டருக்கு 400 மீட்டர் பிரிச்ச டைம், ரேஸைக் கண்காணிக்கிற அதிகாரிங்க எழுதுற ஸ்டூவர்ட்ஸ் ரிப்போர்ட், அதுவும் ஒவ்வொரு குதிரைக்கும். தர்மம் இல்ல, அங்க சட்டப்படி பெட் வாங்குற ஒரே இடம் அந்த கிளப்தான், ஆளுங்க நம்பிக்கையா பணம் போட்டா அவங்களுக்குத்தான் லாபம். இங்க முழுப் பந்தயத் தொகை மேல 28 சதவீதம் ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர்ல அதுவும் 40 ஆச்சு, அதுக்குப் பயந்து கணக்குல வராத புக்கிகிட்ட (திருட்டுத்தனமா பெட் வாங்குறவன்) போறவன் எந்த சைட்ட படிக்கப் போறான்?

இங்கிலாந்துல இன்னும் ஒரு படி மேல. ரேஸிங் போஸ்ட்னு ரேஸுக்குன்னே ஒரு பேப்பர் 1986ல இருந்து வருது, இப்ப நல்ல கட்டுரை பலதும் காசு கட்டினாதான், ஆனா கடைசியா வந்த குதிரைக்கும் அது எங்க ஓடுச்சு, எப்ப முன்னேறுச்சு, எங்க சோந்துச்சுன்னு ஒன்றரை வரி இருக்கும். அந்த ஒன்றரை வரியத்தான் நான் தேடுறேன்.

நம்ம பக்கம் எம்.ஏ.எம். ராமசாமி மாதிரி கிளாஸிக் ரேஸா ஜெயிச்சுத் தள்ளின ஆள் இருந்தாரு, அவர் குதிரைங்களப் பத்தி தமிழ்ல ஒரு நல்ல நீளமான கட்டுரை தேடிப் பாருங்க. 2024 செப்டம்பர்ல கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு சீல் வச்சப்பவும் இதேதான். 160 ஏக்கர், 730 கோடி வாடகை பாக்கி, 1945 குத்தகையில வருஷத்துக்கு 614 ரூபா சொச்சம் வாடகைன்னு எல்லாரும் எழுதினாங்க, தப்பு இல்ல, அது பெரிய நியூஸ்தான். ஆனா லாயத்துல இருந்த குதிரைங்க, அத தேய்ச்சுக் குளிப்பாட்டுன சைஸ்காரங்க குடும்பம் என்ன ஆச்சுன்னு நான் தேடித் தேடி படிச்சது ஒண்ணு ரெண்டு பத்திதான்.

அப்பா இப்ப புதன்கிழமை சாயங்காலம் ஹாங்காங்ல ஹாப்பி வேலி மைதானத்துல நடக்குற ரேஸ் பாக்குறாரு. காசு கீசு இல்ல, காலண்டர் தாள் பின்னாடி அதே மளிகைப் பென்சில். நான் டாக்டர் ரெக்கார்ட படிச்சு தமிழ்ல சொல்லணும். போன வாரம் அவர் எடுத்த குதிரை நாலாவது. டீயக் கீழ வச்சுட்டு, "ஏன்னு போட்டிருக்கானா பாருடா"ன்னாரு. ரிப்போர்ட் வந்ததும் படிச்சேன், கடைசி 200 மீட்டர்ல முன்னாடி இருந்த குதிரைங்களால வழி கிடைக்காம தடைபட்டுச்சுன்னு இருந்துச்சு.

"சொன்னேன்ல"ன்னு பென்சிலை எடுத்து காதுல சொருகிக்கிட்டாரு.