மூன்றரை வாட்டுக்கு எவ்வளவு பெரிய பெட்டி?

என்னிடம் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஒரு சேனலுக்கு மூன்றரை வாட் தரும், அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு 2ஏ3 வால்வு, பழைய ரேடியோவில் இருக்குமே அந்தக் கண்ணாடிக் குழாய் மாதிரி. 1933-ல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் கொண்டுவந்த வால்வு அது, இன்றைக்கும் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த நண்பன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, என் போன் சார்ஜரே இதைவிட அதிகம் தருமேடா" என்றான். பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு அதில் மாட்டியிருந்தது 86 டெசிபல் ஸ்பீக்கர் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் அவ்வளவு சத்தம்), யானைப் பசிக்குச் சோளப்பொரி கதைதான். மெதுவாக வைத்தால் அருமையாக இருக்கும், கொஞ்சம் ஏற்றினால் டிரம் விழும்போதெல்லாம் பாடுகிறவர் குரலும் சேர்ந்து நசுங்கும்.

பெரிய ஆம்ப் வாங்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் ஸ்பீக்கரை மாற்றினேன். மாற்றினேன் என்றால் பிளைவுட் அறுத்து ஒட்டி நானே செய்தேன், அதுவும் இரண்டு தடவை. முதல் தடவை விவரத் தாளில் போட்டிருந்த எண்ணை நம்பி ஏமாந்தேன், இரண்டாம் தடவை வேறு விஷயத்தில்.

முதலில் கணக்கு. ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் (காயில்) சூடாகத்தான் போகிறது. 86 டெசிபல் ஸ்பீக்கர் ஒலியாக மாற்றுவது சுமார் கால் சதவீதம், 97 டெசிபல் ஸ்பீக்கர் மூன்று சதவீதம். கேட்டால் இரண்டும் பரிதாபமாகத்தான் தெரியும், ஆனால் இடையில் இருப்பது பன்னிரண்டு மடங்கு. என் மூன்றரை வாட் 97 டெசிபல் ஸ்பீக்கரில் செய்யும் வேலையை 86 டெசிபல் ஸ்பீக்கரில் செய்ய 44 வாட் வேண்டும். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல் என்பதை மனதில் வைத்துக்கொண்டால், பணத்தை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று தானாகவே தெரிந்துவிடும். 1930களின் சினிமாக் கொட்டகைகளில் அவ்வளவு பெரிய ஹார்ன்கள் (ஒலியைக் கூட்டும் புனல்கள்) இருந்ததும் இதனால்தான், ஆம்பில் பலம் இல்லாததை ஹார்னில் ஈடுகட்டினார்கள்.

உங்களுக்கு உண்மையில் எத்தனை வாட் தேவை என்று ஊகிக்கவே வேண்டாம், ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நீங்கள் அதிகபட்சமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்துவிட்டுப் பாட்டை நிறுத்துங்கள், குமிழைத் தொடாதீர்கள். 120 ஹெர்ட்ஸ் சைன் டோன், டிஜிட்டல் உச்சத்துக்கு 12 டெசிபல் கீழே பதிவானது, அதை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டைப் பாருங்கள். அதை நான்கால் பெருக்கினால் பதிவின் உச்சத்தில் ஆம்ப் தர வேண்டிய வோல்ட் வந்துவிடும். எனக்கு இப்போதைய ஸ்பீக்கரில் 0.6 வோல்ட் காட்டியது. நான்கால் பெருக்கினால் 2.4, அதன் வர்க்கத்தை 8 ஓமால் வகுத்தால் 0.72 வாட். மூன்று நான்கு முறை திரும்ப அளந்தேன், நம்பிக்கை வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து "குறைடா" என்று குரல் வரும் சத்தத்துக்கு முக்கால் வாட் கூட ஆகவில்லை. இதே சத்தம் பழைய ஸ்பீக்கரில் வேண்டும் என்றால் 9 வாட், மூன்றரை வாட் ஆம்ப் அங்கே நசுங்கியதில் ஆச்சரியமே இல்லை. (டோனை ஐந்தாறு வினாடிக்கு மேல் ஓடவிட வேண்டாம். வால்வு ஆம்ப் என்றால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அளக்கவும் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.)

சரி, அப்படியென்றால் எல்லோரும் ஏன் 97 டெசிபல் ஸ்பீக்கர் செய்வதில்லை? இடம். ஹாஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்று உண்டு, கேஎல்ஹெச் ஸ்பீக்கர் நிறுவனப் பெயரில் இருக்கும் ஹெச் அவர்தான். ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, அதிகத் திறன், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் பால் கிளிப்ஷ் 1940களில் ஹார்னை மடித்து, அறையின் மூலைச் சுவர்களையே அதன் வாயாகப் பயன்படுத்தினார், அப்படியும் அது அலமாரி அளவுதான்.

முதல் தடவை நான் செய்தது 8 அங்குல ஃபுல்ரேஞ்ச் டிரைவர் (பேஸ் முதல் உச்சம் வரை எல்லாவற்றையும் பாடும் ஒற்றை ஸ்பீக்கர்), நடுவில் உச்ச ஒலிக்கான விஸ்ஸர் என்ற சின்னக் காகிதக் கோன் வைத்தது, ஒல்லியான உயரப் பெட்டியில். பேஸையும் உச்ச ஒலியையும் பிரிக்கும் கிராஸ்ஓவர் கிடையாது, ஆம்புக்கும் கோனுக்கும் நடுவில் ஒயர் மட்டும். நிறுவனம் தரும் விவரத் தாளில் 96 டெசிபல் என்று போட்டிருந்தது. வாங்கின பிறகுதான் அந்த கிராஃபை உற்றுப் பார்த்தேன், 96 என்பது மூன்றாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே கோன் கத்தும் இடத்தையும் சேர்த்து எடுத்த சராசரி, குரல் இருக்கும் இடத்தில் 93 தேறும். அதோடு முடியவில்லை. 30 சென்டிமீட்டர் அகலப் பலகையில் டிரைவரை வைத்தால் ஏறக்குறைய 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னால் போக ஆரம்பித்துவிடும், அதனால் முன்னால் வருவது குறைந்துகொண்டே போய்க் கடைசியில் 6 டெசிபல் வரை இழப்பு. அதைச் சரிக்கட்ட ஒரு காயிலும் ரெசிஸ்டரும் போட்டால் அவை பேஸை ஏற்றுவதில்லை, மேலே இருப்பதை இறக்குகின்றன. கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி 96 கடைசியில் 89-ல் வந்து நின்றது. ஃபுல்ரேஞ்ச் ஆட்கள் அகலப் பலகை, மூலை, பின்பக்க ஹார்ன் என்று அலைவது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தப் பெட்டியை மேஜைக் கால் ஆக்கிவிட்டேன், நன்றாகவே நிற்கிறது.

தாளைப் பற்றி இன்னொன்று. 2.83 வோல்ட்டில் இத்தனை டெசிபல் என்று போட்டிருந்தால் ஓமையும் பாருங்கள். 8 ஓமில் 2.83 வோல்ட் என்பது ஒரு வாட், 4 ஓமில் அதுவே இரண்டு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த எண்ணில் 3 டெசிபல் இனாம்.

இரண்டாம் தடவை ஆசையை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு மேடை ஸ்பீக்கர்களில் போடும் 15 அங்குல ஊஃபர் (பேஸுக்கான டிரைவர்) எடுத்தேன், 97 டெசிபல், 130 லிட்டர் பெட்டி, மேலே உச்ச ஒலிக்கு ஹார்னில் ஒரு கம்ப்ரெஷன் டிரைவர். பெட்டியின் அளவையும் பேஸுக்காக அதில் வைக்கும் குழாயின் நீளத்தையும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன், கோடு தட்டையாக அழகாக வந்தது. சின்ன சிப் ஆம்பில் (ஒரே ஐசியில் அடங்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்) மாட்டினேன், திரையில் பார்த்தது அப்படியே காதில் விழுந்தது. 2ஏ3-யில் மாட்டினேன். கும் கும் என்று ஒரே இரைச்சல், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஒவ்வொரு தட்டுக்கும் வயிறு உப்பிக்கொண்டு வந்தது. எரிச்சலில் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டிக் குழாயில் திணித்தேன். பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. அந்தத் துண்டுதான் எனக்கு வழிகாட்டி என்று சொல்ல வேண்டும்.

மென்பொருள் ஆம்பின் உள் தடையைச் சுழியம் என்று எடுத்துக்கொள்கிறது. டிரான்சிஸ்டர் ஆம்ப் அநேகமாக அப்படித்தான், ஃபீட்பேக் (வெளியீட்டைத் திருப்பி உள்ளே கொடுத்துத் திருத்தும் முறை) இல்லாத ஒற்றை டிரையோடு, என் 2ஏ3 அந்த வகை வால்வுதான், அப்படியில்லை. சின்ன சிக்னலில் முதலில் 8 ஓம் ரெசிஸ்டரையும் பிறகு 16 ஓமையும் மாட்டி அளந்தேன், 0.76 வோல்ட், 0.86 வோல்ட். கணக்குப் போட்டால் உள் தடை இரண்டரை ஓமுக்குப் பக்கத்தில். ஊஃபர் காயிலின் தடை 5.6 ஓம், அதோடு இந்த இரண்டரையும் தொடரில் சேர்கிறது. கோன் ஆடிக்கொண்டே போகாமல் பிடித்து நிறுத்தும் மின்பிடி அந்த அளவுக்குத் தளர்ந்துவிடும், தாளில் 0.42 என்று இருந்த கியூஇஎஸ் (இந்தப் பிடியின் அளவு, எண் ஏற ஏறப் பிடி தளர்வு) என் ஆம்போடு 0.61. அதாவது நான் பெட்டி கட்டியது ஒரு ஊஃபருக்கு, மாட்டியது வேறொன்றை. பேஸ் காணாமல் போகும் என்று பயப்படும் அளவுக்குக் காந்தம் பலமாக இருக்கும் டிரைவர்களுக்கு, கியூ 0.2 மாதிரி இருப்பவற்றுக்கு, இதே உள் தடை வரம். என்னுடையதுக்கு சாபம். மென்பொருளில் இரண்டரை ஓமைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன், குழாயை நீளமாக்கி அதன் ஒலிப்பு அதிர்வெண்ணை (ட்யூனிங்) இறக்கச் சொன்னது, செய்தேன்.

இது பேஸோடு நிற்காது. 8 ஓம் ஸ்பீக்கர் எங்கேயும் 8 ஓம் இல்லை, ஒரு இடத்தில் 6, ஒரு இடத்தில் 40. உள் தடை 2.5 ஓம் இருந்தால் இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒலியிலேயே இரண்டரை டெசிபல் வித்தியாசம் வந்துவிடும், ஆம்ப் தானாகவே ஒரு டோன் கண்ட்ரோல் ஆகிவிடும். வால்வு ஆம்புக்குச் சிலர் சொல்லும் 'இனிமை'யில் பாதி இதுதான் என்பது என் கட்சி, சண்டைக்கு வராதீர்கள். மேலே போகப் போக ஏறும் இம்பீடன்ஸை (ஏசிக்கான தடை) அடக்க ஊஃபருக்குக் குறுக்கே 7 ஓமும் 20 மைக்ரோஃபாரடும் தொடரில் போட்டேன். கம்ப்ரெஷன் டிரைவர் 107 டெசிபல், ஊஃபரைவிடப் பத்து அதிகம், அதை இறக்க 5.5 ஓம் தொடரிலும் 3.7 ஓம் குறுக்கேயும். அந்த ரெசிஸ்டர்கள் இம்பீடன்ஸையும் தட்டையாக்கிவிட்டன, ஹார்னிலிருந்து வந்த 'ஸ்ஸ்' சத்தத்தையும் அதே பத்து டெசிபல் இறக்கிவிட்டன. இன்னொரு சுலப வழி, 8 ஓம் ஸ்பீக்கரை டிரான்ஸ்ஃபார்மரின் 4 ஓம் முனையில் மாட்டிப் பாருங்கள். வாட் குறையும், உள் தடை பாதியாகும், என் காதுக்கு அதுவே தேவலை. முக்கால் வாட்டில் ஓடுகிறவனுக்கு மிச்ச வாட் எதற்கு?

அப்புறம் ஹம், பாட்டு இல்லாதபோதும் வரும் 'ம்ம்' இரைச்சல். பழைய ஸ்பீக்கரில் இருந்ததே தெரியாத ஹம் புதியதில் அறை முழுக்கக் கேட்டது. 11 டெசிபல் கூடும்போது பாட்டு மட்டுமா கூடும், குப்பையும் சேர்ந்துதான் கூடும். ஸ்பீக்கர் முனையில் 6 மில்லிவோல்ட் இருந்தது. வால்வின் ஃபிலமென்ட் பக்கம் இருக்கும் சின்ன பொட்டென்ஷியோமீட்டரை (ஹம்மைக் குறைக்கும் திருகு) ஸ்க்ரூ டிரைவரால் ஒரு மயிரிழை திருப்பினால் மீட்டர் இறங்கும், இன்னொரு மயிரிழை திருப்பினால் ஏறும், மூச்சைப் பிடித்துக்கொண்டு 2 மில்லிவோல்ட்டில் நிறுத்தினேன். ஒற்றைக் கையால், இன்னொரு கை பாக்கெட்டில். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும், விளையாட்டில்லை.

வால்யூம் குமிழும் ஒரு தொல்லை. கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகமான ஆம்பை இப்படிப்பட்ட ஸ்பீக்கரில் மாட்டினால் குமிழ் கடிகார முள் என்றால் எட்டு மணியைத் தாண்டுவதற்குள் காது வலிக்கும். அந்த அடிமட்டத்தில்தான் பொட்டென்ஷியோமீட்டரின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது, பாடகர் இடது பக்கம் நகர்ந்துவிடுவார். முன்னால் இரண்டு ரெசிஸ்டர் போட்டு சிக்னலைக் குறைத்தேன், இப்போது பதினொரு மணி வரை வருகிறது.

வால்வுதான் வேண்டும் என்றில்லை. இங்கிலாந்து எஞ்சினியர் ஜான் லின்ஸ்லி ஹூட் 1969-ல் வெளியிட்ட 10 வாட் கிளாஸ் ஏ (பாட்டு இல்லாதபோதும் முழு மின்னோட்டத்தில் ஓடும்) டிரான்சிஸ்டர் சர்க்யூட்டை இன்றைக்கும் கட்டுகிறார்கள், உள் தடை குறைவு என்பதால் நான் பட்ட பேஸ் கஷ்டம் அதில் இல்லை. சூடுதான் அடுப்பு மாதிரி. முதல் தடவை செய்கிறவர் ஸ்பீக்கரை ஒரு சிப் ஆம்பில் சரிபார்த்துவிட்டு வால்வுக்கு வருவது நல்லது, எந்தப் பக்கம் தப்பு என்று உடனே தெரியும்.

நண்பன் போன வாரம் மறுபடி வந்தான். ஒரு மணி நேரம் கேட்டான், சார்ஜர் பேச்சையே எடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும் இடது பெட்டியின் குழாயைக் காட்டி, "அதுக்குள்ள ஏன்டா துண்டு இருக்கு?" என்றான். வலது பக்கக் குழாயை நீளமாக்கிவிட்டேன், இடது பக்கம் இன்னும் பாக்கி.