மாமாவுக்கு ஒரு மடக்குக்கத்தி

மாமாவுக்கு இந்தத் தை மாதம் 70 நிறைகிறது. காரைக்கால் வீட்டில் பீமரத சாந்தி. பட்டு வேட்டியும் மோதிரமும் அண்ணன்மார் பொறுப்பு. பிரான்சின் லியோனிலிருந்து போகிற நான், அவர் அன்றாடம் கையில் எடுத்துப் புழங்குகிற ஒரு பொருளைக் கொண்டுபோக ஆசைப்பட்டேன். விமான டிக்கெட்டுக்குக் கொடுத்ததுபோக 25 யூரோவுக்குமேல் செலவழிக்க வழியில்லை.

மாமாவின் சட்டைப்பையில் மடக்குக்கத்தி இல்லாத நாளை நான் பார்த்ததில்லை. கொய்யாவைக் கீறித் தருவார், வாழைச்சருகை அறுப்பார், மல்லிகைப் பந்தலுக்குச் சணல் நறுக்குவார், உர மூட்டையின் தையலைப் பிரிப்பார். இப்போது வைத்திருப்பது எப்போதோ சந்தையில் வாங்கியது. ஆணி தளர்ந்து அலகு இரண்டு பக்கமும் ஆடுகிறது. விரித்த அலகை நிறுத்த அதில் பூட்டும் கிடையாது. போன தடவை அவர் இளநீர் வழுக்கையைச் சுரண்டும்போது அது மடங்கி விரலைப் பதம் பார்த்துவிட்டது. ஆகவே பூட்டு இருக்கவேண்டும் என்பதுதான் என் முதல் நிபந்தனை.

பிரான்சில் மடக்குக்கத்தி வாங்கப்போகிறேன் என்றால் எல்லோரும் முதலில் சொல்கிற பெயர் லயோல். அவெய்ரோன் மலைநாட்டில் இருக்கிற ஊரின் பெயர் அது. பாம்பு நெளிவதுபோல வளைந்த பிடி, முதுகில் ஒரு தேனீ. பார்த்தவுடன் மனசு போய்விடும். சுற்றுலாக் கடைகளில் 15 யூரோவுக்குக் கூட ‘லயோல்’ கிடைக்கிறது. ஒன்றைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முதுகு வில்லுக்கும் (அலகை நிலையில் பிடித்துவைக்கிற எஃகுப் பட்டை) பக்கத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கோடாகத் தெரியும். மடக்கும்போது அலகு நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உரசும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிற நிலை பல காலமாக இருப்பதால், தேனீயை வைத்து எதையும் நிச்சயிக்க முடியாது. லயோலிலோ தியேரிலோ கைவினைஞர் ஒருவர் உட்கார்ந்து இழைத்துச் சேர்த்த கத்திக்கு 100 யூரோவுக்குமேல் ஆகும். அந்த உழைப்புக்கு அந்த விலை தகும்.

தியேரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். பிரான்சின் கத்திகளில் பெரும்பகுதி அந்த ஒரே ஊரில் உருவாகிறது. துரோல் என்ற சின்ன ஆறு பாறைகளுக்கிடையே பாய்ந்து இறங்க, அந்த வேகத்தில் சாணைச் சக்கரங்கள் சுழன்றன. சாணை பிடிக்கிறவர்கள் சக்கரத்துக்கு மேலே பலகையில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் அலகைக் கல்லில் அழுத்துவார்கள். ஆற்றங்கரைப் பட்டறையில் குளிர் எலும்பைத் துளைக்கும். அதற்காக வளர்த்த நாய் அவர்கள் கால்மீது ஏறிப் படுத்துச் சூடு கொடுக்கும். அதைக் காட்டும் பழைய படங்களைப் பார்த்தபிறகு, அவர்களுடைய வேலையின் சாயலை மட்டும் அச்சில் வார்த்த 15 யூரோச் சரக்கை மாமா கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் தீர்மானம் இதுதான்: காசு குறைவு என்றால், விலை உயர்ந்த கத்தியின் மலிவு நகலை வாங்கக்கூடாது. எளிமையாகவே பிறந்த கத்தியை வாங்கவேண்டும். அப்படி வந்ததுதான் ஒப்பினெல்.

ஆல்ப்ஸ் மலையடியில் சவுவா வட்டாரத்தில், ஜோசப் ஒப்பினெல் என்ற கொல்லர் வீட்டுப் பிள்ளை 1890இல் செய்த விவசாயி கத்தி இது. 1897இல் 1 முதல் 12 வரை எண் கொடுத்து அளவு வகுத்தார். உள்ளே வில் கிடையாது, பக்கத் தகடு கிடையாது. பீச் (beech) மரத்தில் கடைந்த பிடி, அலகு, ஆணி, நிலையான வளையம், சுழலும் வளையம். மொத்தம் ஐந்தே உறுப்புகள். விலை இறங்குவது இதனால்தான், தரத்தில் கைவைத்ததால் அல்ல. சுழலும் வளையம்தான் பூட்டு. 1955இல் மர்செல் ஒப்பினெல் சேர்த்தது. அலகை விரித்து வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு திருப்புத் திருப்பினால் அலகு மடங்காது. 2000 முதல் மடக்கிய நிலையிலும் பூட்டலாம், சட்டைப்பையில் தானாகத் திறந்துகொள்ளாது.

எட்டாம் எண்தான் எல்லோரும் வாங்குவது. அலகு 8.5 செ.மீ. மாமாவின் உள்ளங்கைக்கு அதுவே சரி. பத்தாம் எண் 10 செ.மீ., சட்டைப்பைக்கு நீளம்.

அடுத்த கேள்வி: கார்பன் எஃகா, துருப்பிடிக்காத இனாக்ஸா? கார்பன் அலகைச் சாணைக்கல்லில் நாலு தேய்ப்புத் தேய்த்தால் போதும், சுரீரென்று கூர் வரும். மாங்காயும் எலுமிச்சையும் நறுக்க நறுக்க அதன்மேல் சாம்பல் கலந்த நீலம் படரும். நம் வீட்டு இரும்பு அரிவாள்மணை வாழைக்காய்க் கறையில் கறுத்துப் போவது போலத்தான், கெடுதல் இல்லை. எனக்கு ஆசை அதன்மேல்தான். ஆனால் காரைக்காலின் உப்புக்காற்றையும், வியர்வையில் நனைகிற சட்டைப்பையையும், கத்தியைக் கிணற்றடிச் சுவரில் வைத்துவிட்டு ராத்திரி முழுக்க மறந்துவிடுகிற மாமாவையும் நினைத்தேன். செந்துரு ஒரு வாரத்தில் குடியேறிவிடும். இனாக்ஸே எடுத்தேன்.

இந்தக் கத்திக்கு ஒரு குறை உண்டு, வாங்குமுன் தெரிந்திருப்பது நல்லது. பிடி மரம் என்பதால் ஈரத்தை இழுக்கும். உப்பிக்கொண்டால் அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், நகக்குழியில் நகம் வைத்து இழுத்தால் நகம்தான் பெயரும். சவுவாக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூட்டைத் திறந்துவிட்டு, பிடியின் அடிமுனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அலகு தானே தலை நீட்டும். மாமாவுக்கு நான் கற்றுக்கொடுக்கப்போகிற முதல் பாடம் அது. மழைக்காலத்துக்கு அது மட்டும் போதாது என்பதால், அலகைப் பாதி விரித்துவைத்து, ஆணியைச் சுற்றியும் பிடியின் பிளவுக்குள்ளும் ஆளிவிதை எண்ணெயைப் பஞ்சால் ஊட்டி, துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். மரம் எண்ணெய் குடித்தபிறகு தண்ணீரை அவ்வளவு எளிதில் ஏற்காது. துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் எறியவேண்டும்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “கத்தியையா பரிசா குடுப்பாங்க? உறவு அறுந்துடும்டி” என்று பதறினார். இங்கேயும் அதே பயம் உண்டு என்றேன். பிரெஞ்சுக்காரர்கள் கத்தியை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு நாணயம் கொடுப்பார்கள். காசு கொடுத்து வாங்கியதாக ஆகிவிடும், உறவுக்கும் பங்கமில்லை. அம்மா சற்று யோசித்து, “அப்போ மாமாகிட்ட ஒத்த ரூபா வாங்கிக்க. கையில குடுக்காத, தாம்பாளத்துல வை, அவரே எடுத்துக்கட்டும்” என்றார். அப்படியே செய்யப்போகிறேன். எழுபது வயதானவருக்குத் தருகிற பொருளில் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு மனக்குறை இருக்கக்கூடாது.

கத்தி வாங்கி மிஞ்சிய காசில் கையடக்கமான சாணைக்கல் ஒன்றும் அடங்கிவிட்டது. இரண்டையும் சரக்காகப் போடுகிற பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். கைப்பையில் கத்தியை விடமாட்டார்கள். உறை வாங்கவில்லை, தோலுறை விலை கத்தியை நெருங்குகிறது. ஊருக்குப் போனதும் கடைத்தெருவில் செருப்புத் தைப்பவரிடம் கத்தியைக் காட்டி, மாமா வேட்டிமேல் கட்டுகிற பெல்ட்டில் கோத்துக்கொள்கிற மாதிரி ஒரு தோலுறை தைக்கச் சொல்லவேண்டும். வாய்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் அகலமாக விடச்சொல்ல வேண்டும், வளையம் சிக்காமல் வெளியே வர.